உங்களுக்குத் தெரியுமா? ஏரியில் மூழ்கிக் கிடந்த புகாட்டி

இத்தாலியும் சுவிட்சர்லாந்தும் பங்கிட்டுக்கொள்ளும் மஜோரே ஏரியின் அடியில், 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், 1925-ஆம் ஆண்டின் புகாட்டி பிரெசியா கார் ஒன்று 70 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. அஸ்கோனா நகரில் கேட்பாரற்று நின்ற அந்தக் காருக்குச் சுங்கவரி கட்டப்படாததால், 1930-களில் அதிகாரிகள் அதைச் சங்கிலியில் கட்டி ஏரிக்குள் இறக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. (வரி பாக்கிக்கு இப்படியும் ஒரு தண்டனை!) சங்கிலி துருப்பிடித்து அறுந்தது, கார் அடியில் போய்த் தங்கியது. 1967-இல் முக்குளிப்பவர் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். கரையேறியது 2009 ஜூலையில்தான்.

அதுவரை அது முற்றிலும் அழியாமல் இருந்ததற்குச் சேறுதான் காரணம். இரும்பு துருப்பிடிக்க நீர் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். சேற்றில் புதைந்த பகுதியை ஆக்சிஜன் அதிகம் எட்டாததால் அது ஓரளவு தப்பியது. சேற்றுக்கு வெளியே தண்ணீரில் நின்ற பகுதி அரித்துப்போனது.

ஷெட்டில் பல்லாண்டு நின்ற கார் என்றால், இறுகிய பிஸ்டன்களை எண்ணெய் ஊற்றித் தளர்த்தி, பிசினாகிப்போன பழைய பெட்ரோலைக் கார்புரேட்டரிலிருந்து கழுவி, பெரும்பாலும் மீண்டும் ஓட்டிவிடலாம். இந்தப் புகாட்டியிலோ பெரும்பகுதியைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். அப்புறம் பழையது என்று மிஞ்சுவது பெயர் மட்டுமே. 2010 ஜனவரியில் பாரிஸில் நடந்த ஏலத்தில் அது 2,60,500 யூரோவுக்கு விலைபோனது. அமெரிக்கச் சேகரிப்பாளர் பீட்டர் மல்லின், கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் நடத்திய தம் அருங்காட்சியகத்தில், அதைப் புதுப்பிக்காமல் துருவோடேயே காட்சிக்கு வைத்தார்.