அச்சுக்குப் போகும் முன்: தோர்ண்டன் ஹீத் கடைக்காரரும் இணைய வடிவமைப்புச் சேவைகளும்

தென் லண்டனின் குரோய்டன் நகரசபைக்கு உட்பட்ட தோர்ண்டன் ஹீத்தில் கடை நடத்தும் தமிழர்கள் பலர், சாப்பாட்டுக்கடை மெனுவிலிருந்து தீபாவளித் துண்டுப்பிரசுரம் வரை இணையத்திலேயே வடிவமைத்து அச்சிட்டுக்கொள்ளும் நிலையில், தகராறு எழும்போது தமக்கு இருப்பதாக அவர்கள் நம்பும் பாதுகாப்பு பெரும்பாலும் அவர்களுக்கு இல்லை. இணையத்தில் வாங்கியதை 14 நாட்களுக்குள் ரத்துச்செய்ய இடமளிக்கும் 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளும், 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டமும் சொந்தத் தேவைக்கு வாங்குபவரையே நுகர்வோராகக் கொள்கின்றன. கடைக்காக வாங்குபவர், தனியாளாகவே தொழில் செய்தாலும், சட்டத்தின் கண்ணில் வணிகர். அவருக்கு எஞ்சுபவை, பொருள் விவரிப்புக்கும் மாதிரிக்கும் ஒத்துத் திருப்தியான தரத்தில் இருக்கவேண்டும் என்னும் 1979ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும், சேவை நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்யப்படவேண்டும் என்னும் 1982ஆம் ஆண்டுச் சட்டமுமே. ஆகவே காசு கட்டுமுன் எழுத்தில் என்ன இருக்கிறது என்பதே இங்கு பெரிதும் தீர்மானிக்கிறது.

இது மிகத் தெளிவாகப் புலப்படுவது லோகோவில். காசு கொடுத்தவருக்கே லோகோ சொந்தம் என்பது பரவலான எண்ணம். ஆனால் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் அல்லாத வடிவமைப்பாளர் வரைந்ததற்கு அவரே முதல் உரிமையாளர், அவ்வுரிமை கைமாற அவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். டொக்டர் மார்ட்டின்ஸ் சப்பாத்தின் அப்போதைய உரிமையாளரான கிரிக்ஸ் நிறுவனமே இதில் மாட்டிக்கொண்டது. அதன் விளம்பர முகவர் நிறுவனத்துக்காக மணிக்கு 15 பவுண் கூலியில் லோகோ வரைந்து கொடுத்த வெளி வடிவமைப்பாளர், 2002இல் அதன் பதிப்புரிமையை ஆஸ்திரேலியப் போட்டி நிறுவனமொன்றுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். எழுதப்படாத உடன்பாட்டின் அடிப்படையில் உரிமை கிரிக்ஸுக்கே உரியது என 2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது உண்மைதான். ஆனால் ஒரு வரி எழுத்து இல்லாத குறைக்காக மேன்முறையீடு வரை வழக்காடும் வசதி மளிகைக்கடைக்கு ஏது?

சென்னையில் உள்ளவரிடம் வட்ஸ்அப் வழியே வேலை கொடுப்போர் இன்னும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமைமாற்று ஆவணம் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். அச்சட்டத்தின் கீழ் எழுதப்படும் ஒப்பந்தம் லண்டன் கடைக்குப் பயன்பட, ‘உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்ற சொற்கள் அதில் இருந்தாகவேண்டும்.

அடுத்த ஆபத்து ‘புரூஃப்’ எனப்படும் சரிபார்ப்புப் படி. இதற்கு வாடிக்கையாளர் ஒப்புதல் அளித்தபின் பிழைகளுக்கு அவரே பொறுப்பு என்பது அச்சு நிறுவனங்களின் வழக்கமான நிபந்தனை. தமிழில் இது கூடுதல் வினையாகிறது. யூனிகோட் தமிழைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் ‘பொங்கல்’ என்னும் சொல்லின் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதோ, எழுத்துரு கோப்புக்குள் பதியப்படாதபோது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாக விழும். தமிழ் அறியாத அச்சகத்தார் இதைப் பிழையென்றே உணரமாட்டார். எனவே எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிய பிடிஎஃப் கோப்பையே கொடுத்து, திரும்பி வரும் படியைத் தமிழ் வாசிக்கும் ஒருவர் எழுத்தெண்ணிப் பார்த்தபின்னரே ஒப்புதல் தரவேண்டும். வட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் அச்சுக்கு வேண்டிய அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தெளிவைப் பெரும்பாலும் எட்டாது. வெட்டும்போது ஓரம் வெள்ளையாகத் தெரியாதிருக்க, பின்னணி நிறம் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் அதிகமாக விடப்படவேண்டும்.

வற் வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. துண்டுப்பிரசுரத்துக்குப் பொதுவாக வரி பூச்சியம், விசிட்டிங் கார்டுக்கும் சுவரொட்டிக்கும் 20 சதவீதம். துண்டுப்பிரசுரத்தின் வடிவமைப்பை அச்சிடுபவரிடமே ஒரே வேலையாகக் கொடுத்தால் அதற்கும் பூச்சியம் பொருந்தக்கூடும். வற் பதிவுள்ள வேறொருவரிடம் தனியாகக் கொடுத்தால் 20 சதவீதம் சேரும், வற் பதிவு இல்லாத கடை அதை மீளப்பெற முடியாது.

பழுதாக வந்த அச்சுப்பொதியை ஊருக்கு விநியோகிப்பது அதை ஏற்றுக்கொண்டதாகிவிடும், பின்னர் பணத்தைத் திருப்பிக் கேட்பது கடினம். உடனே படமெடுத்து, மறுப்பை எழுத்தில் அனுப்பவேண்டும். தனியாள் வணிகர் ஒழுங்குபடுத்தப்பட்ட கடனட்டையில் 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ளதை வாங்கியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனமும் கூட்டாகப் பொறுப்பேற்கும். லிமிட்டெட் கம்பனிக்கு இவ்வசதி இல்லை. அதற்கும் வழியில்லாதபோது, 14 நாள் அவகாசம் தரும் முன்னறிவிப்புக் கடிதத்துக்குப் பின், 10,000 பவுண் வரையான கோரிக்கையைச் சிறு கோரிக்கைப் பிரிவில், ஒப்பந்தம் மீறப்பட்டதிலிருந்து ஆறு ஆண்டுக்குள், வழக்கறிஞர் இன்றியே தாக்கல் செய்யலாம். 2024 மே மாதத்திலிருந்து பெரும்பாலான பணக் கோரிக்கைகளில் ஒரு மணிநேர இலவசத் தொலைபேசி சமரசத்தில் இரு தரப்பும் கலந்துகொள்வது கட்டாயம்.

வழக்கில் வென்றாலும், எதிராளிக்கு இந்நாட்டில் முகவரி இல்லாவிட்டால் பணத்தை அறவிடுவது கடினம். இணைய வணிகர் தம் பெயரையும் புவியியல் முகவரியையும் தளத்தில் காட்டவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின் கட்டளை. அது இல்லாத தளத்தில், விலை எவ்வளவு மலிவாயினும், முழுத்தொகையையும் முன்கூட்டிக் கட்டுவது காசைத் திரும்பப் பெறும் வழியில்லாமல் கொடுப்பதாகும்.