மதிப்பீட்டாளர் படலை திறக்குமுன்

ஒடியல் கூழ் காய்ச்சுகிற வீட்டில் பானை அடுப்பில் ஏறிய பிறகு நடப்பது கொஞ்ச நேர வேலைதான். மாவை முதலே தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, கயர்ப்பைப் போக்கியிருக்க வேண்டும். நண்டு உடைத்து, இறால் உரித்து, பயிற்றங்காய் முறித்து, பழப்புளி கரைத்து எல்லாம் கைக்கெட்ட இருக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு இறாலை உரிக்க உட்கார்ந்தால் பலாக்கொட்டை குழைந்துவிடும்.

வீட்டை ஈடுவைத்து வங்கியில் கடன் எடுக்கும்போது செய்கிற விலைமதிப்பீடும் இப்படித்தான் இயங்குகிறது. மதிப்பீட்டாளர் வளவுக்குள் நிற்கும் நேரம் குறைவு. அறிக்கை இழுபடுவது பெரும்பாலும் மாவு ஊறாததால். யாழ்ப்பாணத்தில் அந்த மாவு, காணிப் பத்திரங்கள்.

முதலில் சமையற்காரர் யார் என்று பார்க்க வேண்டும். தெரிந்த மதிப்பீட்டாளர் ஒருவரை நாமே கூப்பிட்டு அறிக்கை எடுத்து வைத்துவிட்டு வங்கிக்குப் போகிறவர்கள் உண்டு. வங்கி தன் பட்டியலில் உள்ளவரின் அறிக்கையைத்தான் கேட்கும். அப்போது இன்னொரு கட்டணம், இன்னொரு காத்திருப்பு. ஆகவே முதற் கேள்வி வங்கிக்கிளையில் கேட்க வேண்டியது: உங்கள் பட்டியலில் யார், அவருக்கு என்னென்ன பத்திரங்கள் தேவை?

அவர் போடுவது இரண்டு கணக்கு. நிலத்துக்கு, அயலில் அண்மையில் விலைப்பட்ட காணிகளோடு ஒப்பிட்டுப் பரப்புக்கு இவ்வளவு என்று ஒன்று. (பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர்.) கட்டடத்துக்கு, இதே வீட்டை இன்று கட்டினால் சதுர அடிக்கு என்ன முடியும் என்று பார்த்து, வயதுக்கும் பழுதுக்கும் கழித்து மற்றொன்று. இரண்டும் சேர்ந்தது சந்தைப் பெறுமதி.

இனி மாவுக்கு வருவோம். உறுதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத்தில் எடுத்த தோம்புப் பிரதி, பிரதேச சபையோ மாநகர சபையோ அங்கீகரித்த கட்டடப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு. இவை எல்லாம் ஒரே காணியைத்தான் பேசுகின்றனவா என்று வீட்டிலேயே உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். உறுதியில் நாலு பரப்பு, படத்தில் மூன்றே முக்கால் என்றால் மதிப்பீட்டாளர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். உறுதி தொலைந்திருந்தால் கலங்க வேண்டாம். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரட்டைப் பிரதி பதிவகத்துக்குப் போயிருக்கும். அதிலிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஆனால் இதற்கெல்லாம் நாள் எடுக்கும். கடன் விண்ணப்பம் நிரப்புமுன் தொடங்க வேண்டிய வேலை இது.

நம் பக்கத்து உறுதிகளில் எனக்கு எப்போதும் கவலை தருவது எல்லைகள். கிழக்கே இன்னாரும் பங்காளிகளும், வடக்கே ஒழுங்கை என்று எழுதியிருக்கும். அந்த இன்னார் இறந்து ஐம்பது வருடம் ஆகியிருக்கும்; பிள்ளைகள் கனடாவில் இருப்பார்கள். வலிகாமம் வடக்கில் இது இன்னும் கடினம். 1990இல் இடம்பெயர்ந்த சனங்கள் உயர் பாதுகாப்பு வலயமாகிப்போன காணிகளுக்குக் கட்டங்கட்டமாகத் திரும்பியபோது, வேலியும் மதிலும் எல்லைக்கல்லும் அழிந்து, கிணற்றையும் பழைய அத்திவாரத்தையும் வைத்துத்தான் பலர் தங்கள் நிலத்தை அடையாளம் கண்டார்கள். இப்படிப்பட்ட காணிக்குப் பழைய படத்தை நீட்டுவதில் பயனில்லை. உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து கல் போட்ட பிறகே மதிப்பீட்டாளரைக் கூப்பிடுங்கள். செலவுதான். ஆனாலும் இரண்டாம் தடவை வரவழைக்கும் அலைச்சல் மிச்சம்.

சீதன உறுதியையும் கவனமாக வாசியுங்கள். மகளுக்கு எழுதிக்கொடுத்த வீட்டில் தாய் தகப்பன் சீவிய உரித்தை வைத்திருந்தால் வங்கி அவர்களின் கையெழுத்தையும் கேட்கும். தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை ஈடுவைக்கக் கணவனின் எழுத்துமூல சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. அது நியாயமா என்பது வேறு விவாதம், எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் இருக்கும்வரை கோப்பு அதற்காகக் காத்துக்கிடக்கும். கிணற்றில் பங்கு, வழியில் பங்கு இருந்தால் அது உறுதியில் எழுதப்பட்ட பக்கத்தை அடையாளமிட்டு வையுங்கள். ஒழுங்கை வாகனம் போகிற அகலமா, நடைபாதையா என்பதில் நிலத்தின் விலையே மாறிவிடும்.

அவர் வரும் நாளில் எல்லா அறையும் திறந்திருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர் பூட்டிவைத்த அறையின் திறப்பு பெரியம்மா வீட்டில் இருந்தால் முதல்நாளே வாங்கிவையுங்கள். நாயைக் கட்டுங்கள். எல்லை தெரிந்த ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும். வேலியோரம் பற்றை மூடியிருந்தால் கல் தெரியாது. அதை வெட்டுவதற்கு ஒரு காலை ஒதுக்குங்கள்.

பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். கூழ் குடிக்கிற பனையோலைப் பிளா புதிது என்பதற்காகக் கூழின் ருசி கூடுவதில்லை. ஒழுகும் ஓட்டை மாற்றுவதும், கறையான் ஏறிய வளையைப் பார்ப்பதும், கிணற்றுத் தண்ணீர் நன்னீரா உவரா என்று சொல்ல முடிவதும் அதைவிடப் பெறுமதியானவை. கூரை மாற்றியது, மலசலகூடம் கட்டியது எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதி, பற்றுச்சீட்டோடு கொடுங்கள். வயதுக்கும் பழுதுக்கும் கழிக்கிற கணக்குக்கு அது நேரடியாக உதவும்.

அயலில் அண்மையில் விற்ற காணிகளைப் பற்றித் தெரிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கைமாற்ற உறுதிக்கு முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம் என்பதால், உறுதியில் எழுதும் விலையும் கைமாறிய விலையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. எந்த ஒழுங்கை, எத்தனை பரப்பு, எப்போது என்று குறிப்பாகச் சொன்னால் அவர் விசாரித்து உறுதிப்படுத்துவார். உங்கள் வீட்டுக்கு இவ்வளவு போடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவரைச் சங்கடப்படுத்தும், உங்களுக்கும் உதவாது.

அறிக்கையில் சந்தைப் பெறுமதிக்குக் கீழே கட்டாய விற்பனைப் பெறுமதி என்று ஒரு குறைந்த தொகை இருக்கும். அதைப் பார்த்து மனம் நோகிறவர்கள் பலர். கடன் திரும்பாவிட்டால் வங்கி அவசரமாக ஏலம் விட்டு எடுக்கக்கூடிய தொகை அது. நீதிமன்றம் போகாமலே ஏலம் விட 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. வங்கி கடன் தொகையை முடிவுசெய்யும்போது இந்தத் தொகையையும் பார்க்கும். அறிக்கையின் பிரதி கிடைத்தால் துண்டு இலக்கம், பரப்பளவு, உரித்தாளர் பெயர் மூன்றையும் உறுதியோடு வைத்துப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றைக்கே வங்கி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சட்டத்தரணியின் மேசைக்குப் போன பிறகு திருத்துவதென்றால் கோப்பு திரும்பி வரவேண்டியிருக்கும்.