கண்ணுக்குத் தெரியாத உலோகங்கள்: கிணற்று நீரைப் பரிசோதிக்கும் முறை

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் ஆகிவிடாது. கலங்கலைக் கண் காட்டிவிடும். உவர்ப்பை நாக்கு சொல்லிவிடும். ஆனால் ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்கள் தீங்கு செய்யும் அளவில் கலந்திருந்தாலும் நீரின் நிறமோ சுவையோ மாறாமல் இருக்கக்கூடும். காய்ச்சினாலும் அவை போவதில்லை. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இதைக் கவனிக்க இரு காரணங்கள் உண்டு. முதலாவது, நிலத்தின் இயல்பு. சேலத்தை அடுத்த மாக்னசைட் குன்றுகளிலும், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளிலும் குரோமியம் அடங்கிய கனிமம் இருக்கிறது. இரண்டாவது, மனிதர் செய்கை. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு, சேலம் நகரின் சாக்கடை நீரையும் சாயக் கழிவையும் ஏற்றுக்கொண்டு நாமக்கல் மாவட்டத்தில் காவிரியைச் சேர்கிறது. அந்நீர் கரையோரக் கிணறுகளில் ஊறக்கூடும்.

குரோமியம் இரு வகைப்படும். பாறையில் உள்ளது பெரும்பாலும் நீரில் எளிதில் கரையாத வகை. மற்றொன்று எளிதில் கரைவது. உடலுக்கு மிகக் கொடியது. இராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை 1990-களில் மூடப்பட்ட பின்னரும், அதன் கழிவுக் குவியலிலிருந்து இக்கொடிய வகை நிலத்தடி நீரில் இறங்கியது. ஆகவே, எவ்வளவு என்பதோடு எவ்வகை என்பதும் தெரியவேண்டும்.

2012-ஆம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தரவிதிப்படி, ஒரு லிட்டரில் குரோமியம் 0.05, ஈயம் 0.01, காட்மியம் 0.003 மில்லிகிராமுக்கு மிகலாகாது. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அது நிறைந்திருக்கும்போது அதில் இருக்கத்தக்க ஈயம் 0.3 கிராமே, அஃதாவது, ஏறக்குறையப் பன்னிரண்டு நெல்மணிகளின் எடை! இத்தனை சிறிய அளவை அளப்பதால், மாதிரி எடுப்பதில் நேரும் சிறு அசட்டையும் முடிவைக் கெடுத்துவிடும்.

பம்பைச் சில நிமிஷங்கள் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய நீர் வெளியேறிய பின்னரே மாதிரி பிடிக்க வேண்டும். பரிசோதனைக் கூடம் தரும் பிளாஸ்டிக் பாட்டில்களையே உபயோகிக்க வேண்டும். மொத்த உலோகத்திற்குரிய பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சேர்ப்பர். இல்லையேல் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குரோமிய வகையை அறியும் பாட்டிலில் அமிலம் கூடாது. அதைக் குளிரவைத்து ஒரு நாளுக்குள் சேர்ப்பிக்க வேண்டும். கிணறு, தேதி, நேரம் ஆகியவற்றை எழுதி ஒட்டுவது அவசியம்.

கூடத்தில் முதல் வேலை பிரித்தெடுத்தல். உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் ரசாயனப் பொருள் ஒன்றை நீரில் இட்டு, நீரோடு கலவாத வேறொரு திரவத்துடன் குலுக்குகின்றனர். மோரிலிருந்து வெண்ணெய் திரள்வது போல, உலோகம் மேலே மிதக்கும் திரவத்திற்குப் போய்விடும். 100 மில்லிலிட்டர் நீரில் பரவியிருந்தது 10 மில்லிலிட்டரில் அடங்கினால் செறிவு பத்து மடங்காகும். கரையும் குரோமியத்திற்கு வேறு வழி உண்டு. டைபீனைல் கார்பசைடு என்னும் பொருளைச் சேர்த்தால் நீர் செவ்வூதா நிறம் கொள்ளும். நிறத்தின் அடர்த்தியே அளவைக் காட்டும்.

இரண்டாவது வேலை அளத்தல். 1955-இல் ஆஸ்திரேலியாவில் விஞ்ஞானி ஆலன் வால்ஷ் வெளியிட்ட அணு உறிஞ்சல் முறை இதற்குப் பெரிதும் உதவுகிறது. திரவத்தைச் சுடரில் தெளித்து, ஈயமாயின் ஈய விளக்கின் ஒளியையும் குரோமியமாயின் குரோமிய விளக்கின் ஒளியையும் அதனூடே செலுத்துகின்றனர். ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய ஒளியை மட்டுமே உறிஞ்சும். உறிஞ்சிய ஒளியை, அளவு தெரிந்த கரைசல்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவர்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். கிராமங்களுக்கு அளிக்கப்படும் சாதாரணப் பரிசோதனைப் பெட்டி கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட் முதலியவற்றையே காட்டும். அதில் ‘நன்று’ என வந்தால், ஈயமும் காட்மியமும் இல்லை என்று பொருளல்ல. ஆற்றங்கரை, சுரங்கம், பட்டறை ஆகியவற்றை அடுத்த கிணறுகளுக்குக் கன உலோகப் பரிசோதனை வேண்டுமென்று குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்திற்குத் தனியே எழுதிக் கேட்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவைக் கிராம சபையில் படித்துக் காட்டுவது நலம். அளவு மிகுந்த கிணற்றைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் விலக்கி, வேறு நீருக்கு வழி தேடுவதே முதற் கடமையாகும்.