கீழ் ஸ்தாயியின் கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலைப் பற்றி ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தீராத வயிற்றுவலியோடு வந்த திருமலை நாயக்கர் இங்கே தங்கி வழிபட்டுக் குணமானாராம். அன்று முதல், இக்கோயிலில் உச்சிகால பூஜை முடிந்தது என்று தெரிந்த பிறகே மதுரை அரண்மனையில் சாப்பாட்டுக்கு உட்காருவாராம். செய்தி போய்ச் சேர, வழிநெடுக நகரா மண்டபங்கள் எழுப்பப்பட்டன. ஒரு மண்டபத்தில் முழங்கும் நகரா முரசு அடுத்த மண்டபத்துக்குக் கேட்கும். அங்கிருப்பவர் தம் நகராவை முழக்குவார். இப்படியே மதுரை வரைக்கும்.

மதுரைக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். அடிப்பவர்களின் கைத்தாமதத்தை விட்டுவிட்டால், செய்தி 4 நிமிடத்துக்குள் ராஜாவின் காதுக்குப் போயிருக்கும். கதை எந்த அளவுக்கு வரலாறு என்பது ஒருபக்கம் இருக்கட்டும். இதற்கு முரசைத் தேர்ந்ததில் நல்ல இயற்பியல் இருக்கிறது. காற்று, உச்ச ஸ்தாயி ஒலியை வேகமாக விழுங்கிவிடும். கீழ் ஸ்தாயியை அவ்வளவாகத் தொடாது. சாதாரணமான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் 4,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு கிலோமீட்டர் கடப்பதற்குள் காற்றிடம் மட்டும் 30 டெசிபல் அளவுக்கு இழக்கிறது. 125 ஹெர்ட்ஸ் ஒலிக்கு இழப்பு அரை டெசிபல்கூட இல்லை. போதாக்குறைக்கு, தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது. வீடு, மரம், மதில் எது குறுக்கே நின்றாலும் வளைந்து அந்தப் பக்கம் போய்விடும். திருவிழா நாளில் நாலு தெரு தள்ளிப் படுத்திருப்பவருக்குப் பாட்டின் சொல் கேட்காது, பாடகர் யாரென்று தெரியாது. ‘தும் தும்’ மட்டும் வந்துகொண்டே இருப்பது இதனால்தான்.

அந்தத் ‘தும் தும்’மை உண்டாக்குபவர் மேடையின் பின்வரிசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நாலு கம்பிக் கிதாரோடு நிற்பார். பெரும்பாலும் யாரும் அவரைக் கவனிப்பதில்லை. மெல்லிசைக் குழுவில் ஆள் குறைக்க வேண்டி வந்தால் முதலில் விடுபடுபவரும் அவர்தான். கீபோர்டின் இடக்கையே பேஸையும் பார்த்துக்கொள்ளும் என்று குழு நடத்துபவர் சொல்லிவிடுவார். ஆனால் இசைக்கருவிகளில் இயற்பியலோடு மல்லுக்கட்டிப் பிறந்தவை என்றால் பேஸ் கிதாரும் அதன் மூத்த உறவான டபுள் பேஸும்தான். கீழ் ஸ்தாயி தொலைதூரம் எளிதாகப் போகும். அதை உண்டாக்குவதுதான் பெரும்பாடு.

கம்பியின் சுருதி மூன்று விஷயங்களைப் பொறுத்தது: நீளம், இழுவிசை, கனம். பிரான்ஸின் மாரன் மெர்சன் 1636-இல் இதை விதியாகவே எழுதிவைத்தார். சாதாரணக் கிதாரின் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸில் அதிரும், நீளம் 25.5 அங்குலம். பேஸின் தடித்த கம்பி அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே, 41.2 ஹெர்ட்ஸ். நீளத்தை மட்டும் கூட்டி அங்கே இறங்குவதென்றால் 51 அங்குலம் வேண்டும். எந்தக் கையும் எட்டாது. இழுவிசையைத் தளர்த்தினால் கம்பி தொளதொளத்து, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான பிரெட்டில் மோதிக் கடகடக்கும். மிச்சமிருப்பது கனம். ஆனால் ஒரே கம்பியாகத் தடிக்கவிட்டால் அது இரும்புக் கழி மாதிரி விறைத்துக்கொள்ளும். அதன் மேல் ஸ்வரங்கள் விலகி அபஸ்வரமாகும். இதற்கு வழி 17-ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்தது. மெல்லிய உட்கம்பி ஒன்றை வைத்து, அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றினார்கள். கனம் ஏறும், நெகிழ்வு குறையாது. இன்று கடையில் கிடைக்கும் பேஸ் கம்பியில் நகத்தை ஓட்டினால் ‘ஸ்ர்ர்’ என்று வருவது அந்தச் சுற்றின் ஒலிதான். வழக்கமான செட்டில் தடித்த கம்பி 2.7 மில்லிமீட்டர், மெல்லியது 1.1 மில்லிமீட்டர். நான்கும் சேர்ந்து கழுத்தை 70 கிலோவுக்கு மேல் இழுக்கும்.

டபுள் பேஸ் நீளத்தையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டது. அதன் கம்பி சுமார் 105 சென்டிமீட்டர். கருவியே ஆள் உயரம். அப்படியும் உடல் போதவில்லை. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். ஆள் உயரப் பெட்டியால் அதை வீரியமாகக் காற்றில் தள்ள முடியாது. அதற்குக் கைகொடுப்பது மேல்பலகையில் வெட்டிய இரண்டு துளைகளும் உள்ளே அடைபட்ட காற்றும். துளையின் வாயில் உள்ள காற்று உள்ளே போய்வந்து தானே அதிரும். தெற்கத்தி வில்லுப்பாட்டில் குடத்தின் வாயை மட்டையால் அடிக்கும்போது எழும் அந்த ஆழ்ந்த ஒலியும் இதே இயற்பியல்தான். ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் இதைக் கணக்காக்கினார். குடம் அடித்த கைகளுக்கு அது முன்பே பழக்கம். டபுள் பேஸில் இந்தக் காற்றதிர்வு 60 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அதற்கும் கீழே உள்ள ஸ்வரங்களில் அடிப்படை அதிர்வு மெலிந்துதான் வெளியே வருகிறது.

பெருந்தந்திக் கருவிகளின் இன்னொரு தொல்லையை ஆராய்ந்தவர் நம்மூர்க்காரர். வில் போட்டு இழுக்கும் செல்லோவிலும் டபுள் பேஸிலும் சில ஸ்வரங்கள் சில இடங்களில் ஊளையிடும், விட்டுவிட்டு உறுமும். ஐரோப்பியர்கள் இதற்கு வைத்த பெயர் ‘ஓநாய் ஸ்வரம்’. திருச்சியில் பிறந்து கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்த சி.வி.ராமன், அலுவலக நேரம் போக மிச்ச நேரத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இதைச் சோதித்து 1916-இல் விளக்கம் வெளியிட்டார். கம்பியின் சுருதியும் உடலின் இயல்பான அதிர்வும் ஒன்றாகும் இடத்தில் உடல் பலமாக அதிர்ந்து கம்பியின் ஆற்றலை உறிஞ்சிவிடும். வில் எவ்வளவு ஊட்டினாலும் ஈடுகட்டாது. கம்பி ஒரு ஸ்தாயி மேலே தாவும். உடல் அடங்கியதும் பழைய இடத்துக்கு இறங்கும். மறுபடி உடல் கிளம்பும். அந்த ஏற்ற இறக்கம்தான் ஊளை. ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு வாங்குவதற்கு 14 ஆண்டுகள் முந்தைய வேலை இது. இன்றும் வாசிப்பவர்கள் பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள கம்பித்துண்டில் சிறிய உலோகக் குழல் ஒன்றை மாட்டி ஓநாயை அடக்குகிறார்கள்.

உடம்பு போதாத சிக்கலுக்கு, உடம்பே வேண்டாம் என்று முடிவு கட்டியவர் கலிஃபோர்னியாவின் லியோ ஃபெண்டர். சியாட்டிலில் பால் டட்மார்க் 1930-களிலேயே மின்சார பேஸ் செய்திருந்தாலும், உலகமெங்கும் பரவியது ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த ‘பிரிசிஷன் பேஸ்’தான். டபுள் பேஸ் வாசிப்பவர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏற முடியாமல் தவித்தார்கள். மேடையிலோ மற்ற கருவிகளின் சத்தத்தில் அது அமுங்கியது. ஃபெண்டர் ஒரு கட்டைப் பலகையில் 34 அங்குலக் கம்பிகளைப் பூட்டினார். பிரெட் போட்டதால் விரல் வைக்கும் இடத்தில் தடுமாற்றமில்லை. கம்பிக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி முடியளவு மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும். காந்தத்தருகே எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். மைக்கேல் ஃபாரடேயின் விதி, அவ்வளவுதான். காற்றை அசைக்கும் வேலை கருவியிலிருந்து ஸ்பீக்கருக்கு மாறிவிட்டது. பேஸ் வாங்குபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் விஷயமும் இதுவே, பின்னால் வருவோம்.

சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் டபுள் பேஸ் இருந்த இடத்துக்குப் பேஸ் கிதார் வந்தது. அதை அடித்தளம் என்ற நிலையிலிருந்து பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக உயர்த்தியவர் இளையராஜா. 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு வந்தவர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர். ஜெர்மானிய இசைமேதை பாக் மீது அவருக்கிருந்த ஈடுபாடு 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பில் வெளிப்படையாகவே ஒலித்தது. மேலே ஒரு மெட்டு, கீழே அதற்குப் பதில் சொல்லும் வேறொரு மெட்டு என்ற முறையை 80-களின் திரைப்பாடல்களில் நாலு கம்பிக்குள் அவர் புகுத்தினார். அதை வாசித்த விரல்கள் சசிதரனுடையவை. ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ். ‘கோ’ படத்தில் பாடிப் பெயர் வாங்கிய ஆலாப் ராஜு அடிப்படையில் பேஸ் கலைஞர்தான்.

அந்தப் பாடல்களை ஊர் கேட்டது எதில்? டீக்கடை டிரான்சிஸ்டரில். உள்ளங்கை அகல ஸ்பீக்கர் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. பேஸின் அடிப்படை அதிர்வு அதில் வந்திருக்கவே முடியாது. ஆனாலும் கேட்டவர்களுக்குப் பேஸ் கேட்டது. ஒரு ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ் என்றால் கூடவே 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கும். அடிப்படை காணாமல் போனாலும், இந்த மடங்குகளுக்கிடையே உள்ள சீரான இடைவெளியைப் பிடித்துக்கொண்டு மூளை 41-ஐத் தானே வருவித்துக்கொள்ளும். 1841-இலேயே ஜெர்மனியின் ஸீபெக் கவனித்த விந்தை இது. டபுள் பேஸின் மெலிந்த கீழ் ஸ்வரங்களைக் காது சரிசெய்துகொள்வதும் இதே தந்திரத்தால்தான். இன்று மொபைல் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பவரும் இல்லாத பேஸைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பேஸ் வாங்கப் போகிறவருக்கு இதில் நல்ல சேதி இருக்கிறது. கேட்பவர் பிடித்துக்கொள்வது மடங்குகளை என்றால், காசு போட வேண்டிய இடம் மடங்குகள் சுத்தமாக இருக்கும் இடம்: கம்பி, செட்டிங், விரல். கருவியின் விலை அதற்கு அப்புறம்தான். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸில்தான் பீட்டில்ஸின் தொடக்ககாலப் பாடல்கள் பிறந்தன. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவன இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962-ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ் ஒன்றை வைத்து, வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். அறுந்தால் ஒழியக் கம்பியை மாற்றமாட்டார். மேல்சுற்று தட்டையான கம்பிகள் அவை. பழகப் பழக மினுக்கு குறைந்து அவருடைய அந்தக் கனத்த நாதம் வந்தது. வேறு நாதம் வேண்டுமென்று ஏங்குபவர் கிதாரை விற்கக் கிளம்புமுன் கம்பி வகையை மாற்றிப் பார்க்கலாம். அதைவிட மலிவான மேம்பாடு கிடையாது.

கடையிலோ, பழையது விற்பவர் வீட்டிலோ பார்க்க வேண்டியவை சில. 12-ஆவது பிரெட்டுக்கு நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டி, பிறகு அதே பிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். விலகினால் பிரிட்ஜில் திருகி நீளத்தைச் சரிசெய்யலாம். திருகு துருப்பிடித்து அசையாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். முதல் பிரெட்டையும் கடைசி பிரெட்டையும் ஒருசேர அழுத்திக்கொண்டு நடுவே பார்த்தால், கம்பிக்கும் பிரெட்டுக்கும் விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி தெரிய வேண்டும். அதிகமாக இருந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைக் கால் திருப்பு திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கி, ஐப்பசி மழையில் ஈரம் உறிஞ்சி உப்பும் ஊர்கள் இவை. ஆண்டுக்கு இரண்டு முறை இந்தச் சரிபார்ப்பு தேவைப்படும். டபுள் பேஸ் வாங்கும் துணிச்சல் உள்ளவர்கள், குடைந்து செதுக்கிய ஸ்ப்ரூஸ் மரத்தைவிட ஒட்டுப்பலகையில் செய்ததை எடுப்பது நல்லது. நாதம் கொஞ்சம் மட்டு. ஆனால் வறண்ட கோடையில் பிளக்காது.

மரம் என்றதும் ஒரு விஷயம். பேஸின் விரல்பலகைக்குப் பேர்போனது ஈட்டி எனும் தோதகத்தி. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம். பிரேசிலின் ஈட்டி அருகியபோது உலகக் கிதார் தொழிற்சாலைகள் 1960-களில் இந்திய ஈட்டிக்கு மாறின. அதை வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு 1994-இல் தனிச்சட்டம் போட்டது. 2017-இல் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தது. காந்தச் சுருள் கேட்பது எஃகின் அசைவைத்தான். விரல்பலகை ஈட்டியா மேப்பிளா என்பதற்காகக் கூடுதலாக ஆயிரக்கணக்கில் கொடுப்பது வீண். மலையில் நிற்கும் மரம் நின்றுகொண்டே இருக்கட்டும்.

அடுத்த ஆசை ஐந்து கம்பி. கீழே கூடுதலாக ஒரு கம்பி, 30.9 ஹெர்ட்ஸ். இங்கேதான் பலரும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே அளவு ஒலி தர ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின் போய்வர வேண்டும். நாலாவது கம்பியிலிருந்து ஐந்தாவதுக்கு இறங்கவே ஏறக்குறைய 1.8 மடங்கு. நம் காதும் ஒத்துழைக்காது; 1,000 ஹெர்ட்ஸில் காதுக்கு எட்டும் ஒலியைவிட ஏறக்குறைய 50 டெசிபல் கூடுதலாக இருந்தால்தான் 40 ஹெர்ட்ஸ் கேட்கவே தொடங்கும். வீட்டுப் பயிற்சிக்கான சின்ன ஆம்ப்பில் ஐந்தாம் கம்பியை இழுத்தால் கூம்பு படபடக்கும், ஸ்வரம் வராது. புதுக் கிதாருக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கருக்கு மாற்றினால், கையில் இருக்கும் நாலு கம்பியே புதிதாகத் தெரியும்.

அதுவும் முடியாதவர் ஸ்பீக்கர் பெட்டியை ஸ்டூலிலிருந்து இறக்கித் தரையில் வைக்கலாம். கீழே போக வழியில்லாத ஒலி மேலே திரும்பி, தாழ்ந்த ஸ்தாயியில் 6 டெசிபல் வரை கூடும். ஆம்ப்பின் சக்தியை நான்கு மடங்காக்குவதற்குச் சமம் அது. சுவரோரமாகத் தள்ளினால் இன்னும் ஏறும். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தெருவோர மேடையில் பாட்டுக் கச்சேரி அமைப்பவர்கள் இரும்புச் சட்டத்தின் உச்சியில் எல்லாப் பெட்டிகளையும் ஏற்றாமல், பேஸ் பெட்டிகளை மட்டும் கீழே மண்ணில் உட்கார வைப்பதற்குக் காரணம் இதுதான்.