தேங்காயிலிருந்து வரும் நுரை

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவில் வாழ்கிறவர்களிடம், 'தேங்காயிலிருந்து தயாரானது' என்று அச்சடித்த ஃபேஸ் வாஷை விற்பது சுலபம். ஆனால் எளிதில் எரிச்சல் காணும் சருமத்துக்கு அந்த வரி எந்த உத்தரவாதமும் தராது.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதிலிருந்து சோடியம் லாரில் சல்பேட் செய்யலாம். நுரை பொங்கும், அழுக்கும் போகும். தோல் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே எரிச்சலூட்டிப் பார்க்க ஒட்டுப்பட்டையில் வைப்பதும் இதைத்தான்! அதே எண்ணெயிலிருந்து சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட்டும் வருகிறது. 1957-ல் அமெரிக்காவில் அறிமுகமான டவ் கட்டி இதை நம்பி வந்தது. இந்த ஐசெத்தியோனேட் சாது.

தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் காரைபோலப் பூசியிருக்கின்றன. சோடியம் லாரில் சல்பேட் போன்ற கடுமையான சர்ஃபாக்டன்ட், அதாவது அழுக்கு நீக்கும் பொருள், மேலெண்ணெயோடு நிற்பதில்லை. கெரட்டின் புரதத்தில் ஒட்டி அதை உப்ப வைக்கிறது, காரையையும் சுரண்டுகிறது. உள்ளீரம் வெளியேற, வாசனைப் பொருட்கள் உள்ளே நுழைகின்றன. காரை ஏற்கெனவே மெலிந்தவர்களுக்கு முகம் கழுவியதுமே இழுக்கும், எரியும்.

சோப்பில் டி.எஃப்.எம்., அதாவது மொத்தக் கொழுப்புப் பொருள், 76 சதவீதம் என்றால் முதல் தரம் என்று பலர் தேடி வாங்குகிறார்கள். அது கொழுப்பின் கணக்கு, மென்மையின் கணக்கல்ல. தோலின் பிஹெச் சுமார் 5. எந்தத் தரச் சோப்பானாலும் 9, 10-ஐத் தொடும்.

அப்படியானால் பயத்தமாவு? சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பு ஈர வயலில் தூவி விளைவிக்கும் பச்சைப்பயறு, அரைத்தால் எண்ணெயை உறிஞ்சும் நல்ல மாவு. சலித்து, அழுத்தித் தேய்க்காமல் பூசினால் பெரும்பாலும் தொந்தரவில்லை. அதில் கஸ்தூரி மஞ்சளும் வாசனைக் கிழங்கும் சேரும்போதுதான் சிலருக்கு ஒவ்வாமை. இயற்கைச் சரக்கென்றால் தோல் விதிவிலக்கு தருவதில்லை.

விளம்பரங்கள் கண்டுகொள்ளாத ஓர் இடம் உண்டு. நடவுக்குப் போகும் பெண்களின் கை கால்கள் மணிக்கணக்கில் சேற்றில் ஊறுகின்றன. ஊறிய தோல் பாதி பலவீனம். கரையேறியதும் துணி சோப்பால் தேய்த்துக் கழுவினால் வெடிப்பு வராமல் என்ன செய்யும்? சேறு போக வெறும் தண்ணீர் பெரும்பாலும் போதும். துடைத்த கையோடு, ஈரம் முழுதும் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் புண்ணோ நீர்க்கசிவோ இருந்தால் எண்ணெயும் வேண்டாம். தோல் மருத்துவரிடம் காட்டுவதே சரி. போகும்போது, அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று அவர் பார்க்க, வீட்டுச் சோப்பு உறையையும் எடுத்துப் போகலாம்.