அரண்மனைக் கதைகளும் கல்வெட்டில் கிடக்கும் சேரியும்



நினைவுரைக்கு என்ன தலைப்பு எடுக்கலாம் என்று பேசியபோது, ராஜா ராணிக் கதைகளைப் பற்றிப் பேசலாம் என்றோம். சிலர் முகம் சுளித்தார்கள். பஞ்சமி நிலம் இருக்கிறது, வன்கொடுமை வழக்குகள் இருக்கின்றன, இதற்கா ஒரு மாலை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதில் பாடப்புத்தகத்தில் படித்த வரலாறு தேர்வு முடிந்ததும் போய்விடுகிறது. அந்த வயதில் கதையாகப் படித்த வரலாறு போவதில்லை. சோழர் காலம் என்றதும் நம் மனதில் எழுகிற காட்சி எந்த ஆய்வு நூலிலிருந்தும் வந்ததல்ல. அது கல்கி எழுதியது, ஓவியர் மணியம் வரைந்தது. ஆகவே அதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

'பார்த்திபன் கனவு' 1941இல் தொடராக வரத் தொடங்கியது. பிறகு 'சிவகாமியின் சபதம்'. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தது. இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்து பைண்டு செய்த தொகுதிகள் வீடு வீடாகக் கைமாறின. 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதும் மலிவுப் பதிப்புகள் குவிந்தன. இவை இளையோருக்கென்று முத்திரை குத்தி வந்தவை அல்ல. ஆனாலும் தமிழில் இளையோர் விரும்பிப் படித்த வரலாற்றுக் கதை என்றால் முதலில் இவைதான் வரும். நம்மில் பலரும் கிளை நூலகத்தில் ஐந்து பாகங்களையும் வரிசை மாறிக் கிடைத்தபடி படித்தவர்கள். அந்த இன்பத்தை இன்று மறுத்துப் பேசுவது பொய்யாகிவிடும். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அந்தக் குதிரையில் நாமும் ஏறித்தான் சோழநாட்டைப் பார்த்தோம். குதிரை மேலிருந்து பார்த்தால் ஏரி தெரியும், கோபுரம் தெரியும், கோட்டை தெரியும். அந்தக் குதிரைக்குப் புல்லறுத்துப் போட்ட கை தெரியாது. கேட்கவும் நமக்குத் தோன்றவில்லை.

இந்த வகைக் கதையில் ஒரு பழைய உத்தி உண்டு. 'பொன்னியின் செல்வ'னில் சேந்தன் அமுதன் வருகிறான். பேச்சில்லாத தாய் வளர்த்த பிள்ளை, கோயிலுக்குப் பூ எடுத்துக் கொடுப்பவன், சாது. நமக்கு அவனைப் பிடித்துப்போகிறது. உழைக்கிற எளியவன் ஒருவனுக்கும் இந்தக் கதையில் இடம் இருக்கிறதே என்று மகிழ்கிறோம். கடைசியில் தெரியவருகிறது, அவன்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன், அரியணைக்கு உரியவன். பூக்கூடை சுமந்தவனின் நல்ல குணத்துக்கு விளக்கம் கிடைத்துவிடுகிறது: அரச ரத்தம். பூக்காரனாகவே அவன் நல்லவனாக இருந்துவிட்டுப் போக கதை அனுமதிக்கவில்லை. படகோட்டும் பூங்குழலிக்கும் அவனை மணந்த பிறகு அரண்மனைதான் வாய்க்கிறது. எளியவனுக்கு மதிப்புத் தர வேண்டுமானால் அவன் பிறப்பை மாற்றியாக வேண்டும் என்ற இந்தத் தருக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்புவோம்.

நாவலாசிரியர்களுக்கு வேறு சான்று கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கல்கி நீலகண்ட சாஸ்திரியையும் சதாசிவ பண்டாரத்தாரையும் படித்து எழுதியவர். அவர்கள் கல்வெட்டுகளைப் படித்து எழுதியவர்கள். 1010இல் நிறைவுபெற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில், கோயிலுக்கு வருவாய் தர வேண்டிய ஊர்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் எவ்வளவு நிலம், அதில் எவை வரி இல்லாதவை என்று கழித்துச் சொல்கிறார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால் என்று போகிற அந்தக் கழிவுப் பட்டியலில் பறைச்சேரி வருகிறது, கம்மாணச்சேரி வருகிறது, ஈழச்சேரி வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. சுடுகாடும் தனித்தனியாக வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செத்தவர்களையும் பிரித்துத்தான் எரித்தார்கள். தீண்டாமை வெள்ளைக்காரன் கணக்கெடுப்பில் பிறந்தது என்று மேடையில் பேசுகிறவர்களை ஒருமுறை அந்தச் சுவர் முன்னால் நிறுத்த வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். கல்வெட்டில் 'சேரி' என்ற சொல் வந்த இடமெல்லாம் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குடவோலைக்காக நாம் பாடத்தில் படிக்கும் உத்திரமேரூரில் பிராமணர் வாழ்ந்த பகுதிகளுக்கே சேரி என்றுதான் பெயர், பன்னிரண்டு சேரிகள். பின்னாளில் அந்தச் சொல்லை அவர்கள் கழற்றிப் போட்டார்கள், அது நம்மிடம் தங்கிவிட்டது. ஒரு சொல் இடம் மாறிய இந்தக் கதையே தனி நாவலுக்குப் போதும்.

அதே தஞ்சைச் சுவரில் நானூறு பெண்களின் பட்டியலும் இருக்கிறது. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள். எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, என்ன பெயர் என்று ஒவ்வொருத்திக்கும் குறித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களை அடுத்து நட்டுவர், கணக்கர், குடை பிடிப்போர், தண்ணீர் தெளிப்போர், குயவர், துணி வெளுப்போர், முடி திருத்துவோர், தையற்காரர் என்று பட்டியல் நீள்கிறது. அரண்மனையைச் சுற்றி வேளங்கள் இருந்தன. வேளத்துப் பெண்டாட்டி என்று தன்னைச் சொல்லிக்கொண்டு கோயிலுக்குக் கொடை கொடுத்த பெண்களைக் கல்வெட்டுகளில் பார்க்கிறோம். போரில் பிடித்துவரப்பட்ட பெண்களும் இந்த வேளங்களில் சேர்க்கப்பட்டார்கள். வரலாற்றாய்வாளர் தாவூத் அலி 2006இல் இவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். கல்கியின் அரண்மனையில் தாதிமார் வருகிறார்கள், போகிறார்கள், தீபம் ஏற்றுகிறார்கள். அவர்களில் ஒருத்தி எந்த நாட்டிலிருந்து, எந்தப் போருக்குப் பிறகு அங்கே வந்தாள் என்பது கதைக்கு வேண்டியிருக்கவில்லை.

பறை கொட்டுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அரசவைக் கதையானாலும் அரசாணையை ஊருக்குச் சொல்ல ஒருவர் வருவார். பெயர் கிடையாது. இரண்டு வரி சொல்வார், போவார். 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பரில் வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால், ஆகஸ்டில்தான், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லித் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். நமக்கு இது வரலாற்றுக் கதையல்ல, நேற்றுவரை செய்த ஊழியம்.

இன்னொரு செய்தியையும் பாருங்கள். ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி உடையார்குடிக் கல்வெட்டு பேசுகிறது. ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்ற பெயர்கள் வருகின்றன. ரவிதாசன் பெயரோடு பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற பட்டமும் வருகிறது. அது பிராமண அதிகாரிகளுக்கு அரசு கொடுத்த பட்டம். நாவலில் ரவிதாசன் காட்டிலும் இருட்டிலும் திரியும் மந்திரவாதி ஆகிவிடுகிறான். கதைக்காரருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதிகாரத்துக்கு உள்ளே இருந்தவன் செய்த குற்றம் அரண்மனையிலிருந்து கிளம்பிக் காட்டுக்குப் போய்விட்டது. படித்த பிள்ளைகளுக்கு எது நினைவில் நிற்கும்?

இதற்கு நாம் சொல்லும் பதில் என்ன? நம் தரப்பிலும் ஒரு பதில் பரவிவருகிறது: நாமும் ஆண்டவர்கள்தாம். இதன் வலி புரிகிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழில் 'இந்திரர் தேச சரித்திர'த்தை எழுதியபோது, நந்தனை மன்னனாகத்தான் சொன்னார். பண்ணையாளாக, தீக்குளித்துத் தூய்மை பெற்றவனாக மட்டுமே நந்தனைக் காட்டிவந்த கதையை அவர் உடைத்தார். ஆனால் பண்டிதர் சொன்னது சாதி இல்லாத பௌத்தப் பழமையை. இன்று சுவரொட்டிகளில் பார்க்கும் ஆண்ட பரம்பரைப் பேச்சு வேறு. அதில் எல்லாச் சாதிக்கும் ஒரு மன்னர், ஒரு வாள், ஒரு நிறம். அந்த நிறம் பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கயிறாக ஏறுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன்படித்த மாணவர்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதிக்கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அந்தக் கயிறுகள் கட்டப்படும் ஊரில் நாமும் ஒரு மன்னரைக் கொண்டுவந்து நிறுத்தினால், சேந்தன் அமுதனுக்குச் செய்ததையே நமக்கும் செய்துகொள்கிறோம். மதிப்புக்கு அரச ரத்தம் வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறோம். இதில் நமக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. உரைக்குப் பின் சண்டை போடலாம்.

சேக்கிழார் அரசவைக்காரர். இரண்டாம் குலோத்துங்கனின் அவையில் உயர்ந்த பதவியில் இருந்தவர். திருநாளைப்போவாரைப் பாடும்போது ஆதனூர்ப் புலைப்பாடியைக் காட்டுகிறார். கோழியும் நாய்க்குட்டியும் குழந்தைகளும் உழைக்கும் பெண்களுமாக உயிருள்ள இடம் அது. எட்டூர் தள்ளி நின்றவர் இப்படிப் பார்த்திருக்க முடியாது. ஆனால் அங்கே பிறந்தவர் கோயிலுக்குள் போக நெருப்பில்தான் இறங்க வேண்டும். சேக்கிழாரின் கண் சேரிக்குள் போயிற்று, கதை போகவில்லை. எட்டு நூற்றாண்டு கழித்து வந்த நாவல்களில் அந்தக் கண்ணையும் காணோம்.

நம் மாணவர்கள் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். அழுகைக் கதையாக அல்ல. ஓட்டமும் மறைவும் காதலும் சூழ்ச்சியும் உள்ள கதையாக, நூலகத்தில் பிள்ளைகள் அடித்துப் பிடித்து எடுக்கும் கதையாக. 2019இல் இயக்குநர் பா.இரஞ்சித் திருப்பனந்தாளில் இராசராசன் கால நிலத்தைப் பற்றிப் பேசியதற்கு வழக்குப் போட்டார்கள். அச்சம் இருக்கும். ஆனால் கல்வெட்டு அச்சில் இருக்கிறது, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி, யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

நாம் ஒரு தொடக்கத்தை யோசித்து வைத்திருக்கிறோம். கி.பி. 1000ஐ ஒட்டிய ஆண்டுகள். சோழநாடு முழுவதும் நிலம் அளக்க ஆள் வருகிறார்கள். கோல் பிடிக்கிறார்கள், ஓலையில் எழுதுகிறார்கள், வேலியின் மிகச் சிறிய பின்னம் வரை கணக்கு. ஊரின் கடைசியில் ஒரு பறைச்சேரி. அங்கே பதினாலு வயதுப் பெண் ஒருத்தி வாய்க்கால் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். கணக்கன் அவள் வீடு இருக்கும் மண்ணை அளந்து, இதற்கு வரியில்லை என்று ஓலையில் கழித்து எழுதுகிறான். வரியில்லை என்றால் நிலம் எங்களுடையதா என்று அவள் கேட்கிறாள். அவன் என்ன பதில் சொல்கிறான் என்பதை இன்னும் எழுதவில்லை.