கறையில் உருக்கும் அமிலக் கழிவும்

பெயரை மட்டும் நம்பிப் பொருளை மதிப்பிடுவோர் ஏமாறுவதுண்டு. கறையில் உருக்கு என்னும் பெயரைக் கேட்போர், அதனை எந்த அமிலமும் அரிக்காதெனக் கருதுவர். அது முழு உண்மையன்று.

இவ்வுருக்கில் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமற் குரோமியம் கலந்துள்ளது. அக்குரோமியம் ஒட்சிசனோடு கூடி, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமொன்றை உலோகத்தின்மீது ஆக்குகின்றது. உருக்கைக் காப்பது அப்படலமே. கீறல் விழுந்தாலும், ஒட்சிசன் கிடைக்குமாயின் அது தானாகவே மீண்டும் உண்டாகிவிடும்.

ஆகவே, அமிலத்தின் வலிமையோடு அதன் இயல்பையும் நோக்குதல் வேண்டும். நைத்திரிக்கமிலம் ஒட்சியேற்றும் தன்மையது. ஆதலால் அது படலத்தைப் பேணுகின்றது. ஐதரோக்குளோரிக்கமிலமோ அதனைக் குலைத்துவிடுகின்றது. கழிவிற் குளோரைட்டுக் கலந்துவிட்டால், மேற்பரப்பிற் பெரும்பகுதி பளபளப்பாகவே இருக்க, ஊசித்துளை போன்ற குழிகள் ஆழ்ந்து செல்லும். பற்றவைத்த மூட்டுகளின் அருகே இன்னோர் ஆபத்துண்டு. அங்கே வெப்பத்தினால் உருக்கிலுள்ள காபன் குரோமியத்தைக் கவர்ந்துகொள்ளும். குரோமியங் குன்றிய இடத்தை அமிலம் அரிக்கும். இதனாலேயே அமிலக் கலன்களுக்குக் காபன் மிகக் குறைந்த உருக்கைத் தேர்கின்றனர்.

இந்த அறிவின் பயனை அமெரிக்காவின் அணுக்கழிவு வரலாறு காட்டுகின்றது. அணுவுலையில் எரிந்த யுரேனியத்தை நைத்திரிக்கமிலத்திற் கரைத்துப் புளுத்தோனியத்தைப் பிரித்தபின், கதிர்வீச்சு மிக்க அமிலக் கழிவு எஞ்சும். இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கறையில் உருக்கு அரிதாயிருந்தது. எனவே வாஷிங்டன் மாநிலத்து ஹான்போர்ட்டில், கழிவுக்கு எரிசோடாவைச் சேர்த்து அமிலத்தன்மையை நீக்கி, சாதாரண உருக்குப் பூசிய கொங்கிறீற்றுத் தொட்டிகளில் இட்டனர். அதனாற் கழிவின் அளவு பெருகியது; அடியிற் சேறும் படிந்தது. 1943 முதல் 1964 வரை அங்கு கட்டிய 149 ஒற்றைச்சுவர்த் தொட்டிகளுள் 67 கசிந்தன அல்லது கசிந்திருக்கலாமெனக் கணிக்கப்பட்டன.

ஐடகோ மாநிலத்திலோ வேறு வழியை மேற்கொண்டனர். அங்கே நைத்திரிக்கமிலக் கழிவை அமிலமாகவே கறையில் உருக்குத் தொட்டிகளிற் சேமித்தனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 இலட்சம் கலன் கொள்ளும் 11 தொட்டிகள் இருந்தன. 1963 முதல் அக்கழிவைச் சூடேற்றி உலர்ந்த துகளாக்கினர். குழாய்களிற் கசிவு நேர்ந்ததுண்டாயினும், அத்தொட்டிகள் கசிந்ததாக அறியப்படவில்லை.

ஓரிடத்துச் சிக்கனம் பிற்காலத்துப் பெருஞ் செலவாயிற்று. கலத்தைத் தேருமுன், அதனுள் இடப்போகும் பொருளை நன்கறிதல் வேண்டும். அவ்வறிவின்றேல், கறையில் உருக்கும் பெயரளவிலேயே கறையற்றதாகும்.